கேம் பெட்டி செய்யும் கைகளைத் தட்டிவிடாதீர்கள்

 

நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்து முடித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திட்ட வேண்டாம்.

சப்ரகமுவையின் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் எம்மில் சிலர், பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளுக்குப் பேர்ஸ்பெக்ஸ் தகடு வெட்டவும் துளையிடவும் சொல்லிக்கொடுத்து வருகிறோம். பிள்ளைகள் அதைக் கொண்டு செய்வது கேம் விளையாடும் கட்டுப்பாட்டுப் பலகை. பழைய கேம் கடைகளில் இருந்ததே, நின்றுகொண்டு ஒரு கையால் ஜொய்ஸ்டிக்கை ஆட்டி மறு கையால் பட்டனைத் தட்டும் பெட்டி, அதன் மேற்பலகைதான். அடியில் பிளைவுட், அதன்மேல் பிள்ளைகள் வரைந்த படம், படத்தின்மேல் கண்ணாடி போன்ற பேர்ஸ்பெக்ஸ். மூன்றையும் துளைத்துக்கொண்டு பட்டன்களும் ஜொய்ஸ்டிக்கும் நிற்கும். கீழே வயர். வயரின் மறுமுனை ஒரு பழைய கொம்பியூட்டரில்.

இதற்காக எம்மீது மூன்று குற்றச்சாட்டுகள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, பிள்ளைகளைக் கேமுக்குப் பழக்குகிறோமாம்.

இரண்டு, கையைக் கிழித்துக்கொள்ளும் வேலையைக் கொடுக்கிறோமாம்.

மூன்று, படித்து உத்தியோகம் பார்க்க வேண்டிய பிள்ளையைப் பாஸ் வேலைக்கு இறக்குகிறோமாம்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறோம். பிறகு எமது குற்றச்சாட்டையும் சொல்வோம். அது கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

முதலில் கேம் விவகாரம்.

தோட்டத்துப் பிள்ளையின் கையில் போன் இல்லை என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஒருநாள் லயத்துப் பக்கம் வாருங்கள். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சிக்னல் பிடிக்க மலையுச்சிக்கும் தேயிலை மலைக்கும் பிள்ளைகள் ஏறி நின்ற படங்களைப் பகிர்ந்து கண்ணீர் விட்டவர்கள் நீங்கள்தான். வகுப்பு முடிந்தது, போன் முடியவில்லை. பிள்ளை விளையாடுகிறது. யாரோ எங்கேயோ செய்த விளையாட்டை, யாரோ வைத்த விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து விளையாடுகிறது. அதைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு பதிவும் இல்லை. அதே பிள்ளை விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, தானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்ததும் உங்களுக்குக் கோபம் வருகிறது. விளையாடுபவனைக் கண்டுகொள்ளாமல் செய்பவனைத் தண்டிக்கும் இந்த நியாயம் எமக்குப் புரியவில்லை.

ஒரு பலகை செய்யப் பிள்ளைக்குப் பல வாரங்கள் போகின்றன. அதில் விளையாடும் நேரம் கடைசியில் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் அளவுகோலும் பென்சிலும் அரமும்.

எம்மவர்களில் சிலர் இதற்கு மார்க்க வர்ணம் பூசவும் பார்க்கிறார்கள். வீண் பொழுதுபோக்காம். அவர்களுக்கு ஒரு வரலாறு. 1206 ஆம் ஆண்டு தியார்பக்கிர் அரண்மனையில் பணியாற்றிய பொறியியலாளர் அல்-ஜஸரி, தான் செய்த இயந்திரங்களைப் படங்களோடு விளக்கி ஒரு நூலை முடித்தார். அதில் நீர் இறைக்கும் பொறிகள் இருக்கின்றன. கூடவே யானைக் கடிகாரமும், படகில் உட்கார்ந்து இசைக்கும் பொம்மைகளும் இருக்கின்றன. பொம்மையை ஆட்டுவித்த அதே நெம்புகோல் அறிவுதான் தண்ணீரையும் மேலேற்றியது. மேடைக்கு மேடை "எமது முன்னோர் விஞ்ஞானிகள்" என்று அவரது பெயரைச் சொல்கிறோம். அவர் உளியும் அரமும் பிடித்தவர் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

விளையாட்டே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொன்று. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் சில்லறை போட்டு விளையாடும் கேம் கடைகளில் வளர்ந்தவர். 2019 பெப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ போட்டியிலும், அதே ஆண்டு ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியிலும் டெக்கன் விளையாட்டில் முதலிடம் பெற்றார். அதுவரை கொரியர்களும் ஜப்பானியர்களும்தான் அந்த விளையாட்டில் உச்சம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஸ்ட்ரீட் பைட்டரில் தங்கம் வென்ற கொரியருக்கு வயது 44. எமது பிள்ளைகள் எல்லோரும் அப்படி ஆவார்கள் என்று நாம் சொல்லவில்லை. கேம் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை நாசமாகிவிட்டது என்று ஒப்பாரி வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

சரி, அந்தத் தகட்டுக்கு வருவோம். எமது வாதம் முழுக்க அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

2020 இல் கடை, வங்கி, பாடசாலை, பணிமனை என்று எங்கும் மேசைக்கு முன்னால் நட்டுவைத்த மறைப்புகள் நினைவிருக்கிறதா? பெரும்பாலும் பேர்ஸ்பெக்ஸ்தான் அவை. கொரோனா போனதும் அவை களஞ்சிய அறைக்கும் குப்பைக்கும் போயின. நாம் எடுத்துவந்தவை அவைதான். காசு கொடுத்து வாங்கிய தகடு எமது பிள்ளைகளிடம் மிகக் குறைவு.

அந்தத் தகடே முதல் பாடம். பல மறைப்புகளில் போல்ட் பூட்டிய துளையைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் இருந்தன. ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டோம். "யாரோ அடிச்சிருப்பாங்க சேர்" என்றார்கள். யாரும் அடிக்கவில்லை. கிருமி நீக்கவென்று நாளுக்குப் பலமுறை அற்ககோல் தெளித்துத் துடைத்ததன் விளைவு அது. இறுக்கிப் பூட்டிய இடத்தில் தகடு ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும். அங்கே அற்ககோல் பட்டால் நுண்வெடிப்பு விழும். தின்னரும் பெற்றோலும் அதையேதான் செய்யும். பேர்ஸ்பெக்ஸுக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஒரு குப்பைத் தகட்டிலிருந்து விசை, கரைப்பான், பல்பகுதியம் என்று மூன்று பாடங்கள். இதைப் புத்தகத்தில் படித்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். தகட்டைத் தடவிப் பார்த்த பிள்ளை மறக்காது.

அடுத்து வெட்டுதல். 3 மில்லிமீற்றர் தகட்டை அரிய வேண்டியதில்லை. உலோக அளவுகோலை வைத்து, கூரான கொக்கி முனையால் ஒரே கோட்டில் பலமுறை கீறவேண்டும். ஆக்ஸோ பிளேட்டின் உடைந்த துண்டைத் தீட்டினாலே அந்த முனை கிடைக்கும். கீறல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போனதும் கோட்டை மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து. நேராக முறியும். அவசரக்காரப் பிள்ளை நான்கு கீறலில் முறிக்கப் பார்க்கும். தகடு தன் இஷ்டத்துக்குப் பிளந்து கையில் வரும். அதற்கு நாம் திட்டத் தேவையில்லை. தகடே திட்டிவிடும்.

வளைவாக வெட்டவேண்டுமென்றால் வாள்தான். வேகமாக அரிந்தால் உராய்வில் பிளாஸ்டிக் இளகி, வெட்டிய இடம் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நுண்பல் வாள், மெதுவான இழுப்பு, தகட்டின் அடியில் முழுக்கப் பலகைத் தாங்கல். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தையோ படலத்தையோ கடைசிவரை உரிக்கக்கூடாது.

பிறகு துளையிடுதல். பிள்ளைகள் அதிகம் தோற்பதும் அதிகம் கற்பதும் இங்கேதான். இரும்புக்கான சாதாரண ட்ரில் முனை பேர்ஸ்பெக்ஸுக்குள் திருகாணி போலத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு இறங்கும். மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகடு "டக்" என்று வெடிக்கும். அந்தக் கடைசி அரை மில்லிமீற்றர்தான் எல்லோரையும் கவிழ்க்கும் இடம். அதற்கு வழி இருக்கிறது. முனையின் வெட்டும் விளிம்பைச் சாணையில் இலேசாக மழுக்கினால் அது கடித்து இழுக்காமல் சுரண்டி எடுக்கும். தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் வெளிவரும் பக்கம் சிதறாது. வேகம் குறைவு, அழுத்தம் குறைவு, இடையிடையே முனையை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிடுதல். பட்டனுக்கான பெரிய துளைக்குப் படிப்படியாக அகலும் ஸ்டெப் ட்ரில் நல்லது.

இதில் கணிதம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: பெரிய பட்டனின் துளை 30 மில்லிமீற்றர். சிறிய பட்டனின் துளை 24. பெரிய பட்டனின் மேல் விளிம்பு ஏறத்தாழ 33 மில்லிமீற்றர் அகலம். இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையில் 36 மில்லிமீற்றர் விட்டால் நடுவில் 6 மில்லிமீற்றர் தகடு மிஞ்சும். 32 விட்டால் 2 மில்லிமீற்றர்தான் மிஞ்சும். விளிம்புகளும் ஒன்றோடொன்று இடிக்கும். வட்டத்தின் ஆரை, விட்டம், மையத் தூரம் என்று கரும்பலகையில் ஒரு தவணை முழுக்கக் கத்தினாலும் ஏறாத பிள்ளைக்கு, துளைகளுக்கு நடுவே தகடு வெடித்த அன்று ஏறியது.

பௌதிகம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஒரு மீற்றர் நீளப் பேர்ஸ்பெக்ஸ் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் நீளும். பலகை 60 சென்ரிமீற்றர். நிழலில் இருந்து வெயிலுக்குப் போய் 20 பாகை கூடினால் 0.84 மில்லிமீற்றர் நீளும். அடியிலுள்ள பிளைவுட் அந்த அளவுக்கு நீளாது. ஆகவே 4 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 4 மில்லிமீற்றர் துளை போட்டு இறுக்கிப் பூட்டினால் தகடு போக இடமில்லாமல் வெடிக்கும். 5 மில்லிமீற்றர் துளையும் தட்டையான வோஷரும் வேண்டும். தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று பாடப்புத்தகம் கேட்கும். எமது தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் ரயிலில் ஏறியதில்லை. இந்தத் தகட்டை அவர்கள் தொட்டிருக்கிறார்கள்.

வரலாறும் இருக்கிறது. ஜேர்மனியின் ஒட்டோ ரோம் 1933 இல் பிளெக்ஸிகிளாஸ் என்றும், பிரித்தானியாவின் ஐசிஐ 1934 இல் பேர்ஸ்பெக்ஸ் என்றும் பெயரிட்ட பொருள் இது. இரண்டாம் உலகப் போரில் யுத்த விமானங்களின் மூடி இதில் செய்யப்பட்டது. குண்டு பட்டுச் சிதறிய துண்டுகள் விமானிகளின் கண்ணில் ஏறியபோது கண் அதை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். இன்று எமது பாட்டிமார் கட்டராக்ட் ஒப்பரேஷன் முடித்து வந்து பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்றால் அதன் தொடக்கம் அங்கே. ஒரு வைத்தியர் ஒரு பொருளைக் கூர்ந்து பார்த்ததால் வந்தது அது. பொருளையே தொடாத பிள்ளை எதைக் கூர்ந்து பார்க்கும்?

இனி இரண்டாவது குற்றச்சாட்டு, ஆபத்து.

இதில் உங்கள் பயம் நியாயமானது. பெற்ற மனம் பதறத்தான் செய்யும். அதனால்தான் எமக்குச் சில சட்டங்கள் உண்டு, அவற்றில் சலுகை இல்லை. கண்ணாடி போடாமல் யாரும் ட்ரில்லைத் தொடக்கூடாது. தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடக்கூடாது, கிளாம்ப் கட்டாயம். சுழலும் கருவிக்குக் கையுறை கூடாது, துணி சுற்றிக்கொண்டால் விரலையும் இழுத்துவிடும். பாடசாலை டையைக் கழற்றிவைக்க வேண்டும். இரட்டைப் பின்னலைத் தூக்கிக் கட்டவேண்டும். பர்தா அணிந்த பிள்ளை தொங்கும் நுனியைச் சட்டைக்குள் செருகவேண்டும். ஒட்டுவதற்குக் குளோரோபோம் போன்ற நச்சுத் திரவங்கள் எமது மேசையில் இல்லை, போல்ட் மட்டுமே. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்த பிறகுதான் அடுத்தவர் கையில் கொடுக்கவேண்டும். பட்டனுக்குப் போகும் மின்சாரம் கொம்பியூட்டரின் யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்.

இப்போது ஒரு கேள்வி. இதே பிள்ளைகளில் சிலர் விடுமுறையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்களா? புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்ணாடி இல்லாமல் பிடிக்கிறார்கள். கராஜில் கிரைண்டர் பிடிக்கிறார்கள். கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள். அங்கே கிளாம்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆபத்தான கருவி எப்படியும் இந்தப் பிள்ளையின் கைக்கு வரத்தான் போகிறது. சட்டத்தோடு வரட்டும் என்கிறோம்.

மூன்றாவது குற்றச்சாட்டுத்தான் எம்மைச் சுட்டது. ஒரு தந்தை சொன்னார்:

"சேர், கத்தியும் கூடையும் தூக்கி எங்க காலம் போயிருச்சு. புள்ள பேனா புடிக்கணும்னுதான் ஸ்கூலுக்கு அனுப்புறோம். நீங்க மறுபடியும் கையில ஆயுதத்தக் குடுக்குறீங்களே."

இதைக் கேலியாகக் கடந்துபோக எம்மால் முடியாது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் தலைமுறைகளின் முதுகுவலி இருக்கிறது. இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. 1930களில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் வந்தது. 1972 இல் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன, 1977 ஆட்சி மாற்றத்தின் பின் போயின. தொழிற்கல்வி என்றாலே ஏழையின் பிள்ளைக்கு மண்வெட்டியும் பணக்காரரின் பிள்ளைக்கு ஆங்கிலமும் கொடுக்கும் சூழ்ச்சியோ என்று மக்கள் பயந்தார்கள். பயப்படக் காரணமும் இருந்தது.

ஆனால் அந்தத் தந்தைக்கு நாம் சொல்லும் பதில் இது. அண்ணே, உங்களுக்குக் கத்தியைக் கொடுத்தார்கள், கணக்கைக் கொடுத்தார்களா? எந்த மரத்தில், எந்த நாளில், எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானித்தது வேறொருவர். நிறுத்துப் பார்த்தது வேறொருவர். விலை வைத்தது வேறொருவர். உங்கள் கையை வாங்கிக்கொண்டு மூளையை லயத்திலேயே விட்டுவிடச் சொன்னார்கள். உங்கள் பிள்ளை செய்யும் பலகையில் அளவு அவனுடையது, படம் அவனுடையது, வெட்டும் கை அவனுடையது, வெடித்தால் ஏன் வெடித்தது என்று கண்டுபிடிக்கும் மூளையும் அவனுடையது. பேனாவும் கத்தியும் ஒரே கையில் வந்தால் அந்தக் கையை யாரும் ஏமாற்ற முடியாது.

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் விடியப் பால் வெட்டும் தாய்மாரைப் பாருங்கள். ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றர் சொச்சம் பட்டையை மட்டும் சீவுகிறார்கள். ஆழமாகப் போனால் உள்ளே வளரும் படை காயப்பட்டு மரம் கெட்டுப்போகும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அரையிருட்டில், அளவுகோல் இல்லாமல், மரத்துக்கு மரம் இதைச் செய்யும் கைக்கு உலகில் எந்தப் பட்டறையிலும் மரியாதை கிடைக்கவேண்டும். இரத்தினபுரியில் சாணை முன்னால் குனிந்திருந்து நீலக்கல்லுக்குப் பட்டை தீட்டுபவர்களைப் பாருங்கள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடத்திலுள்ள கல்லை, கோணம் பிசகாமல், ஒரு கீறலுக்கு ஒரு சம்பளம் போய்விடும் என்ற பயத்தோடு தீட்டுகிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த பிள்ளையிடம் "உனக்குக் கைவேலை வராது, மனப்பாடம் செய்" என்கிறோமே, எமக்கு வெட்கமில்லையா?

இனி எமது குற்றச்சாட்டு.

புத்தாக்கம், புத்தாக்கம் என்று வருடா வருடம் கண்காட்சிகள் நடக்கின்றன. மேசையில் மினுமினுக்கும் மாதிரிகள். லேசரில் வெட்டிய விளிம்பு, அச்சடித்த பெயர்ப்பலகை, மின்னும் விளக்குகள். பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, மனப்பாடம் செய்த இரண்டு நிமிடப் பேச்சோடு. இதில் எத்தனையைப் பிள்ளை செய்தது? கடையில் காசு கொடுத்தால் மாதிரியும் வரும், பேச்சும் வரும், விளக்கப் பதாகையும் வரும். இது எல்லோருக்கும் தெரியும். அதிபருக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், மத்தியஸ்தருக்கும் தெரியும். தெரியாதது போல நடிக்க எல்லோரும் உடன்பட்டிருக்கிறோம்.

அப்படி ஒரு கண்காட்சியில் எமது பிள்ளைகளின் பலகையும் இருந்தது. மறைப்புத் தகட்டில் செய்தது. ஓரத்தில் பழைய துளை ஒன்று தெரியும். விளிம்பில் அரம் தேய்த்த தடம் தெரியும். பார்க்க வந்த ஒருவர் "ஃபினிஷிங் காணாது" என்றார். "கேம்தானே" என்றார் இன்னொருவர். இந்தத் துளையை எப்படிப் போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முனையை ஏன் மழுக்கினாள் என்று அரை மணித்தியாலம் பேசியிருப்பாள். பரிசு கிடைக்காதது எமது துக்கமல்ல. கேள்வி கிடைக்கவில்லையே, அதுதான்.

லேசருக்கு நாம் எதிரிகளல்லர். பேர்ஸ்பெக்ஸை லேசர் அழகாக வெட்டும், விளிம்பு கண்ணாடி போல மினுங்கும். ஆனால் பேர்ஸ்பெக்ஸ் எது, பிவிசி எது என்று தெரியாத பிள்ளை அந்த இயந்திரத்தில் பிவிசியை வைத்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு கிளம்பும். மூச்சுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. பொலிகார்பனேட் வைத்தால் விளிம்பு கருகி மஞ்சளாகும். கையால் வெட்டிப் பழகிய பிள்ளைக்குப் பொருளின் குணம் தெரியும். அந்தப் பிள்ளையிடம் லேசரைக் கொடுங்கள், ஆளும். தொட்டுப் பார்க்காத பிள்ளையிடம் கொடுத்தால் இயந்திரம் பிள்ளையை ஆளும்.

இன்னொரு பெரிய பாவம், பூட்டிய அலுமாரி.

ஆறாம் வகுப்பிலிருந்து செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடம் இருக்கிறது. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பமும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பமும் இருக்கின்றன. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கி, 2015 இல் முதல் தொகுதி பரீட்சை எழுதியது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் தெரணியகல, யட்டியந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைத் தோட்டங்களில் உள்ள ஒரு பிள்ளை, தமிழில், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் அந்தப் பிரிவைப் படிக்க எத்தனை இடம் இருக்கிறது? எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும்.

கருவிகள் வந்த பாடசாலைகளிலும் அலுமாரிக்குப் பூட்டு. ஏனென்றால் ட்ரில் முனை உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் கையெழுத்து வைப்பது? கணக்காய்வில் யார் பதில் சொல்வது? ஆகவே கருவி புத்தம் புதிதாக இருக்கும், பிள்ளை வெறுங்கையோடு வெளியேறும், பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கும். உடையாத ட்ரில் முனை ஒரு பாடசாலையின் பெருமையல்ல. அங்கே யாரும் எதையும் கற்கவில்லை என்பதற்கான அத்தாட்சி அது.

குறை மட்டும் சொல்லிப் போகமாட்டோம். நாம் கேட்பவை இவை.

1. கண்காட்சிகளில் ஒரு விதி வையுங்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கிளாம்ப், ஒரு ட்ரில், ஒரு துண்டுத் தகடு. பரிசுக்கு முன் பிள்ளை அங்கேயே ஒரு துளை போட்டுக் காட்டட்டும். மின் மாதிரி என்றால் ஒரு வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். கடை மாதிரிகளின் வியாபாரம் அன்றே படுத்துவிடும்.

2. ட்ரில் முனை, வாள் பிளேட், உப்புத்தாள் ஆகியவற்றை வெண்கட்டியைப் போலக் கருதுங்கள். தேய்வதற்காகவே வாங்கப்படும் பொருளுக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

3. தேயிலைத் தொழிற்சாலைகளின் பிற்றர்களையும், மாணிக்கக்கல் தீட்டுபவர்களையும், பால் வெட்டும் தாய்மாரையும் தவணைக்கு ஒருநாள் வகுப்பறைக்கு அழையுங்கள். ஆசிரியரின் நாற்காலியில் உட்காரவையுங்கள். தன் தாய் பாடம் நடத்துவதைப் பார்த்த பிள்ளை தாயின் கையை வேறுவிதமாகப் பார்க்கும்.

4. பெண் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ட்ரில்" என்று பள்ளிவாசல் வாசலிலும் கோயில் வாசலிலும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இந்த ஒரு விடயத்தில்தான் எமது ஊரில் இன ஒற்றுமை பூரணமாக இருக்கிறது! எமது அனுபவத்தில் தகட்டை வெடிக்கவைக்காமல் துளையிடும் பொறுமை பெண் பிள்ளைகளிடம் அதிகம்.

5. கடைக்காரர்களே, உங்கள் களஞ்சியத்தில் இன்னும் கிடக்கும் கொரோனா மறைப்புகளை எரிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள். ஒரு மறைப்பில் இரண்டு பலகைக்குத் தகடு வரும். பழுதான கீபோர்டும் கொடுங்கள். அதற்குள் இருக்கும் சிறிய சுற்றுப்பலகை பல நேரம் இன்னும் உயிரோடு இருக்கும். பட்டன்களை அதோடு இணைக்கலாம்.

கேம் பெட்டி வேண்டாம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒன்று. சரி, வேண்டாம். தேயிலை நிறுக்கும் தராசுக்கு ஒரு மூடி செய்யச் சொல்லுங்கள், செய்வார்கள். வாசிகசாலை மணிக்கு ஒரு பட்டன் செய்யச் சொல்லுங்கள், செய்வார்கள். தகடு அதேதான், துளை அதேதான். நாம் கேமை எடுத்ததற்குக் காரணம் ஒன்றே. பதின்மூன்று வயதுப் பிள்ளை, யாரும் சொல்லாமலே, பாடசாலை விட்ட பிறகும் போகாமல் நிற்பது அதற்காகத்தான். ஐந்து முறை தகடு வெடித்தும் ஆறாவது முறை கோடு போட உட்காருவது அதற்காகத்தான். அந்த ஆறாவது முறையைத்தான் நாம் கல்வி என்கிறோம்.

உடன்படாதவர்கள் வாருங்கள், பேசுவோம். ஆனால் வரும்போது ஒரு துண்டுப் பேர்ஸ்பெக்ஸ் கொண்டுவாருங்கள். 30 மில்லிமீற்றர் துளை ஒன்றை வெடிக்காமல் போட்டுக் காட்டிவிட்டு, இது படிக்காதவன் வேலை என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறோம்.

ஆசிரியர்கள், அதிபர்கள், தோட்டத் தலைவர்மார், ஜமாஅத் நிர்வாகிகள் பார்வைக்குப் போகுமாறு பகிருங்கள்.